எண்ணெய் வேலியைக் கடக்கும் அயனிகள்

கார் நிக்கோபார்த் தீவில் மலேரியாக் காய்ச்சலுக்குக் குளோரோகுயின் கொடுத்தும் நோய் தீராதிருக்கும் நிலையை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஃபால்சிபாரம் என்னும் கொடிய வகைக் கிருமியால் பீடிக்கப்பட்டவர்களிடத்தில் அம்மருந்து பெருமளவில் தோல்வியுற்றது என்பதையும், அக்கிருமிகளின் மரபணுக்களில் மருந்தை எதிர்க்கும் மாறுதல்கள் மிகுந்து காணப்பட்டன என்பதையும் அக்கட்டுரை எடுத்துக் காட்டியது. அதே 2010ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஃபால்சிபாரம் மலேரியாவுக்குக் குளோரோகுயினை நாடெங்கும் கைவிட்டு, ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்தை முதல் மருந்தாக ஏற்றுக்கொண்டது. வைவாக்ஸ் என்னும் மற்றொரு வகை மலேரியாவுக்கோ குளோரோகுயினே இன்றும் வழங்கப்பட்டு வருகிறது.

நேயர்களே, மருந்து கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை என்றால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருத்தல் வேண்டும். நோயாளியின் இரத்தத்தில் மருந்து போதிய அளவு சேராமல் இருந்திருக்கலாம். அவர் மாத்திரையை முழுமையாக உட்கொள்ளாமல் விட்டிருக்கலாம், உண்டதை வாந்தி எடுத்திருக்கலாம், குடல் அதனை ஏற்காமல் இருந்திருக்கலாம். அன்றேல், மருந்து இரத்தத்தில் போதிய அளவு இருந்தும் கிருமி அதற்கு அஞ்சாமல் வாழ்ந்திருக்கலாம். முன்னது மருந்தை மீண்டும் முறையாகக் கொடுத்தால் தீரும். பின்னது மருந்தையே மாற்றினால்தான் தீரும். எது உண்மை என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. இரத்தத்தைச் சோதித்தே சொல்ல இயலும்.

வைவாக்ஸ் மலேரியாவில் இதற்கு ஓர் அளவுகோலை மருத்துவ உலகம் வகுத்து வைத்திருக்கிறது. நோய் திரும்பிய நாளில் நோயாளியின் இரத்தத்தில், குளோரோகுயினும் உடலில் அது மாறிப் பிறக்கும் துணைப் பொருளும் சேர்ந்து, ஒரு மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் அளவாவது இருக்குமானால், கிருமி மருந்தை வென்றுவிட்டது என்று கொள்ளலாம். நூறு நானோகிராம் என்பது ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. அதே ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் மட்டும் ஏறத்தாழ 140 மில்லிகிராம் இருக்கிறது. அஃதாவது, நாம் தேடும் மருந்தைக் காட்டிலும் பதினான்கு லட்சம் மடங்கு! இவ்வளவு பெருங்கூட்டத்தின் நடுவே அவ்வளவு சிறு பொருளை எவ்வாறு கண்டெடுப்பது? முதலில் அதனைக் கூட்டத்திலிருந்து பிரித்து, தூய நீர்த்துளி ஒன்றினுள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அளப்பது அதன் பிறகே.

இவ்வாறு பிரித்தெடுக்கும் வேலைக்கு மின்சாரத்தையும் ஓர் எண்ணெய்ப் படலத்தையும் துணைகொள்ளும் முறை ஒன்றை இந்த நூற்றாண்டின் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அம்முறையில் மூலக்கூறுகள் எவ்வாறு பயணம் செய்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

எண்ணெயும் நீரும் ஒன்றுகூடா என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. ஒரு கிண்ணத்தில் கடல் நீரை எடுத்து, அதன் மீது தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் மேலே மிதக்கும். எத்தனை நாள் வைத்திருந்தாலும் கடல் நீரில் உள்ள உப்பு எண்ணெயினுள் ஏறி வராது. உப்பு நீரில் கரைவது ஏன், எண்ணெயில் கரையாதது ஏன்?

உப்பு நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு என்னும் இரு வகைத் துகள்களாகப் பிரிகிறது. முன்னது நேர்மின்னேற்றம் உடையது. பின்னது எதிர்மின்னேற்றம் உடையது. இத்தகைய துகள்களுக்கு அயனி என்று பெயர். மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1834ஆம் ஆண்டில் கிரேக்க மொழியிலிருந்து இச்சொல்லை எடுத்து ஆண்டார். செல்வது, போவது என்பதே அதன் பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லின் மீது தனி ஈடுபாடு உண்டு. பொருளுக்குப் பெயர் சூட்டியவர் அதன் நிறத்தையோ எடையையோ கருதாமல், அதன் நடையைக் கருதியே பெயர் சூட்டினார். மின்சாரம் அழைத்தால் புறப்பட்டுச் செல்லும் இயல்பினது அயனி.

நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு முனையில் சிறிது நேர்மின் தன்மையும் மறு முனையில் சிறிது எதிர்மின் தன்மையும் கொண்டது. ஆகவே அயனி ஒன்று நீரினுள் வந்ததும், நீர் மூலக்கூறுகள் அதனைச் சூழ்ந்து, தத்தம் பொருத்தமான முனையை அதன் பக்கம் திருப்பி அரவணைத்துக் கொள்கின்றன. அந்த அரவணைப்பை விட்டு எண்ணெயினுள் நுழைய வேண்டுமானால் அயனி பெரும் விலை கொடுத்தாக வேண்டும். மின்னேற்றத்தைத் தாங்கும் திறனை விஞ்ஞானிகள் மின்காப்பு மாறிலி என்னும் எண்ணால் குறிப்பர். நீருக்கு அந்த எண் ஏறத்தாழ 80. டொலுயீன் என்னும் எண்ணெய்த் தன்மையுள்ள திரவத்துக்கோ இரண்டரைக்கும் குறைவு. இந்த எண் எவ்வளவுக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அயனி அத்திரவத்தினுள் புக அஞ்சும். எனவே இரு நீர்நிலைகளுக்கு இடையே எண்ணெய்ப் படலம் ஒன்றை நிறுத்தினால், அது உப்புக்கு ஒரு மதிலாகவே அமைந்துவிடுகிறது.

இத்தகைய படலத்துக்குத் திரவச் சவ்வு என்று பெயர். சவ்வு என்றதும் தோலைப் போன்ற ஒரு திண்பொருளே நம் நினைவுக்கு வரும். திரவம் எவ்வாறு சவ்வாகும் என்ற ஐயம் எழுவது இயற்கை. பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆன மெல்லிய குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுவரின் தடிப்பு 200 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அச்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. குழாயைச் சில விநாடிகள் எண்ணெயில் தோய்த்து எடுத்தால் அத்துளைகளில் எண்ணெய் ஏறித் தங்கிவிடும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்வது போல என்று சொல்லலாம். பிளாஸ்டிக் எலும்புக்கூடாக நிற்க, எண்ணெயே சவ்வாக வேலை செய்கிறது. குழாயின் வெளியே இரத்தம் அல்லது சிறுநீர் மாதிரி. குழாயின் உள்ளே சிறிதளவு தூய அமில நீர். நடுவே எண்ணெய் வேலி. இவ்வளவே அமைப்பு.

நார்வே நாட்டின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் மருந்தியல் ஆராய்ச்சி செய்துவந்த ஸ்டிக் பெடர்சன்-பியெர்கார்டு, கனுட் எய்னர் ராஸ்முசன் ஆகிய இருவரும் 1999ஆம் ஆண்டில் இந்தக் குழாய் முறையை வெளியிட்டார்கள். அப்போது அதில் மின்சாரம் இல்லை. மருந்துகளில் பல காரத் தன்மை உடையவை. அவை காரக் கரைசலில் மின்னேற்றம் இன்றி இருக்கும். அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் அயனி ஒன்றை ஏற்று நேர்மின்னேற்றம் பெறும். ஆகவே மாதிரியைக் காரமாக்கினால், மருந்து மின்னேற்றம் இழந்து எண்ணெயினுள் எளிதாகப் புகும். புகுந்து மறுகரையில் உள்ள அமில நீரை அடைந்ததும் மின்னேற்றம் பெற்றுவிடும். மின்னேற்றம் பெற்றபின் திரும்பி எண்ணெயினுள் நுழைய இயலாது. சிறைப்பட்டது போல அங்கேயே தங்கிவிடும். அழகான உபாயம்தான். ஆயினும் மூலக்கூறுகள் தம் இச்சைப்படி அலைந்து திரிந்து ஊடுருவ வேண்டியிருந்தமையால், அரை மணி நேரமும் அதற்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லியாக வேண்டும். மனிதன் ஆய்வுக்கூடத்தில் கண்ட இதே உபாயத்தால்தான் குளோரோகுயின் மலேரியாக் கிருமியைக் கொல்கிறது. இரத்தச் சிவப்பணுவினுள் புகுந்த கிருமி, ஹீமோகுளோபினை உண்டு செரிப்பதற்குத் தன் உடலில் ஓர் அமிலப் பையை வைத்திருக்கிறது. குளோரோகுயின் மின்னேற்றம் இல்லாத வடிவில் சவ்வுகளைக் கடந்து அப்பையினுள் நுழைகிறது. நுழைந்ததும் அங்குள்ள அமிலத்தால் மின்னேற்றம் பெற்றுச் சிறைப்படுகிறது; மேலும் மேலும் குவிகிறது. ஹீமோகுளோபின் செரிக்கும்போது ஹீம் என்னும் நச்சுப்பொருள் வெளிப்படும். அதனைத் தீங்கற்ற படிகமாக மாற்றும் வேலையைக் கிருமி செய்து வரும். குவிந்த குளோரோகுயின் அந்த வேலையைத் தடுத்துவிட, கிருமி தன் உணவின் நஞ்சாலேயே மடிகிறது.

மருந்தை எதிர்க்கும் கிருமி என்ன செய்கிறது? அப்பையின் சவ்வில் பதிந்துள்ள ஒரு புரதமே இதில் முதன்மையான காரணம் என்பது 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அப்புரதத்தின் 76ஆம் இடத்தில் லைசீன் என்னும் அமினோ அமிலம் இருப்பது இயல்பு. லைசீன் நேர்மின்னேற்றம் உடையது. எதிர்ப்புக் கிருமியில் அவ்விடத்தில் மின்னேற்றமற்ற திரியோனீன் அமர்ந்திருக்கிறது. நேர்மின்னேற்றம் கொண்ட காவலன் நின்ற வரையில், நேர்மின்னேற்றம் கொண்ட மருந்து அவ்வாயிலை நெருங்க இயலாமல் இருந்தது. காவலன் நீங்கியதும், சிறைப்பட்டிருந்த மருந்து அவ்வழியே வெளியேறிவிடுகிறது. ஒரே ஒரு மின்னேற்றத்தின் மாறுதல், ஒரு தீவில் மருந்தைப் பயனற்றதாக்குவதில் முதன்மையான பங்கு கொள்கிறது. மின்னேற்றமுள்ள மூலக்கூறு ஒரு சவ்வைக் கடக்கிறதா இல்லையா என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, மின்சாரம் வந்த கதைக்குத் திரும்புவோம். 2006ஆம் ஆண்டில் அதே ஓஸ்லோ ஆய்வாளர் இருவரும் புதிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். இம்முறை மாதிரியைக் காரமாக்காமல் அமிலமாக்கினார்கள். மருந்து முதலிலேயே மின்னேற்றம் பெற்று நின்றது. மாதிரியினுள் நேர்மின் முனையையும், குழாயினுள் உள்ள அமில நீரில் எதிர்மின் முனையையும் இறக்கி, 300 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினார்கள். பெத்திடின், நார்டிரிப்டிலின், மெத்தடோன், ஹாலோபெரிடால், லோபெராமைட் என்னும் ஐந்து மருந்துகள், நேர்மின்னேற்றத்தோடு, அந்த எண்ணெய் வேலியைக் கடந்து உள்ளே சென்றன. ஐந்தே நிமிடங்களில் 70 முதல் 79 விழுக்காடு வரை மறுகரை சேர்ந்தது. 300 மைக்ரோலிட்டர் மாதிரியில் பரவிக் கிடந்த மருந்து 30 மைக்ரோலிட்டர் நீருக்குள் வந்துவிட்டமையால், அதன் செறிவு ஏழு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

மின்னேற்றமுள்ள பொருள் எண்ணெயில் புகாது என்று சற்று முன்னர்ச் சொன்னேன்; இப்போது புகுந்தது என்கிறேன். இம்முரண்பாடு எவ்வாறு தீர்கிறது? இரு செய்திகளை நினைவிற்கொண்டால் தீரும்.

முதலாவது, விசையின் அளவு. உப்பும் அமிலமும் கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. ஆகவே 300 வோல்ட்டில் பெரும்பகுதி அந்த 200 மைக்ரோமீட்டர் எண்ணெய்ப் படலத்தின் மீதே விழுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 15,000 வோல்ட் என்ற அளவில் விசை அமைகிறது. இரண்டாவது, எண்ணெயின் தன்மை. அவர்கள் பயன்படுத்தியது நைட்ரோஃபீனைல் ஆக்டைல் ஈதர் என்னும் திரவம். நீரோடு கலக்காத இத்திரவத்தின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 24. நீரைப் போல அயனியை அரவணைக்காவிடினும், டொலுயீனைப் போல அடியோடு வெறுத்து ஒதுக்குவதில்லை. மருந்து மூலக்கூறும் சோடியத்தைப் போன்றது அன்று. அதன் ஓர் ஓரத்தில் மட்டும் மின்னேற்றம் இருக்கிறது. எஞ்சிய உடல் முழுவதும் எண்ணெயை விரும்பும் கரிம அமைப்பு. உடல் எண்ணெயை நாட, மின்விசை பின்னின்று தள்ள, மூலக்கூறு வேலியைத் தாண்டுகிறது. சோடியத்துக்கோ நாடும் உடல் இல்லை. விசை தள்ளினாலும் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

இப்பயணத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். தெற்கு அந்தமானிலிருந்து பாராடாங் தீவுக்கு மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் வாகனப் படகேறிக் கடந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் சாலை வழியே துறைக்கு வந்து சேர வேண்டும். அடுத்து, வரிசையில் நின்று படகில் ஏற வேண்டும். மூன்றாவதாக, நீரிணையைக் கடக்க வேண்டும். நான்காவதாக, மறுகரையில் இறங்க வேண்டும். இவற்றில் எந்தக் கட்டம் மிக மெதுவாக நடைபெறுகிறதோ, அதுவே முழுப் பயணத்தின் வேகத்தையும் தீர்மானிக்கும்.

மூலக்கூறுக்கும் அவ்வாறே. மாதிரியின் நடுவிலிருந்து வேலியின் ஓரம் வரை வருவது முதற்கட்டம். வேலியை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு அசையாமல் தேங்கி நிற்கும். அதனைக் கலைப்பதற்காகவே குழாயை வைத்த கலத்தை விரைவாகக் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். நீரின் அரவணைப்பை விட்டு எண்ணெயினுள் நுழைவது இரண்டாம் கட்டம். படகில் இடம் கிடைப்பதற்கு ஒப்பானது. எண்ணெயின் ஊடே மின்விசையால் நகர்வது மூன்றாம் கட்டம். மறுபுறத்து அமில நீரில் இறங்குவது நான்காம் கட்டம். எண்ணெயை மட்டுமீறி விரும்பும் மூலக்கூறு, படகை விட்டு இறங்க மனமில்லாத பயணியைப் போல, அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. ஆதலின் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் பயணமும் விரைந்துகொண்டே போகும் என்று எண்ணிவிடலாகாது. ஓர் எல்லைக்கு மேல் வோல்ட்டை உயர்த்தியும் பயன் இல்லை. துறைக்கு வண்டிகளே வந்து சேராதபோது படகின் வேகத்தைக் கூட்டி என்ன பயன்?

இந்த நகர்ச்சியைக் கணக்கிடும் சூத்திரம் புதியது அன்று. ஜெர்மானிய விஞ்ஞானிகளான வால்ட்டர் நெர்ன்ஸ்ட்டும் மாக்ஸ் பிளாங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு அடிகோலினார்கள். அயனி நகர்வதற்குக் காரணங்கள் இரண்டு: மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும் இயல்பு ஒன்று, மின்விசையின் உந்துதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே கூட்டிக் காட்டுவதே நெர்ன்ஸ்ட்-பிளாங்க் சமன்பாடு. நெர்ன்ஸ்ட் அதோடு நிற்கவில்லை. 1902ஆம் ஆண்டில் ரீசன்ஃபெல்ட் என்பவரோடு சேர்ந்து, இரு நீர்க்கரைசல்களுக்கு நடுவே ஃபீனாலை வைத்து, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தி அயனிகள் எவ்வாறு நகர்கின்றன என்று ஆராய்ந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஓஸ்லோவில் நிகழ்ந்த சோதனைக்கு அதனை மூதாதை என்றே சொல்லலாம்.

ஓஸ்லோ ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் இச்சமன்பாட்டைத் தம் முறைக்குப் பொருத்திக் கணக்கிட்டபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. வேலியின் இருபுறத்திலும் உள்ள மொத்த அயனிகளின் விகிதமும் பயணத்தைப் பாதிக்கிறது. மாதிரியின் பக்கம் அயனிக் கூட்டம் குறைவாகவும், ஏற்கும் பக்கம் அது மிகுதியாகவும் இருந்தால் மருந்தின் ஓட்டம் விரைவுபடும். மாறாக, மாதிரியில் உப்பு மிகுந்தால் ஓட்டம் தளரக்கூடும். இரத்தமோ உப்பு மிகுந்த திரவம். ஆகையால் மாதிரியை நீரால் ஐதாக்குவதும், ஏற்கும் நீரில் அமிலத்தைக் கூட்டுவதும் கைகண்ட வழிகளாயின. ஆயினும் உப்பின் விளைவு எல்லா மருந்துகளுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதைப் பின்வந்த சோதனைகள் காட்டின.

இம்முறையின் பெருமை அதன் வேகத்தில் மட்டும் இல்லை. வேலி, ஒவ்வொரு பயணியையும் சோதித்தே விடுகிறது. காரத் தன்மையுள்ள மருந்து வேண்டுமானால் எதிர்மின் முனையை உள்ளே வைக்கிறோம்; அமிலத் தன்மையுள்ள மருந்து வேண்டுமானால் முனைகளை மாற்றி, ஆக்டனால் போன்ற வேறு எண்ணெயைத் தேர்ந்துகொள்கிறோம். நீரையே விரும்பி எண்ணெயை வெறுக்கும் மூலக்கூறுகளுக்கும், இரு மின்னேற்றங்கள் தாங்கி நிற்கும் மூலக்கூறுகளுக்கும் நுழைவது கடினம். அவற்றுக்காக எண்ணெயில் ஒரு துணைப்பொருளைக் கலப்பார்கள். எதிர்மின் தன்மையுள்ள அத்துணைப்பொருள், நேர்மின்னேற்றமுள்ள மூலக்கூறைக் கைகோத்து எண்ணெயினுள் அழைத்துச் செல்கிறது. மறுகரையில் அதனை விட்டுவிட்டுத் திரும்புகிறது. குளோரோகுயின் அமிலத்தில் இரு மின்னேற்றங்களை ஏற்கும் மருந்து என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இவ்வளவு ஏற்பாடுகளிலும், ஹீமோகுளோபின் முதலிய பெரும் புரதங்கள் எண்ணெயைக் கடக்க மாட்டாமல் வெளியே நின்றுவிடுகின்றன. பதினான்கு லட்சம் மடங்கு கூட்டம் வேலிக்கு அப்பால் நிற்க, நாம் வேண்டிய பொருள் மட்டும் தூய நீர்த்துளிக்கு வந்து சேர்கிறது. மின்சாரம் தள்ளுகிறது, எண்ணெய் தேர்ந்தெடுக்கிறது. இவ்விரண்டில் ஒன்று இல்லையேல் மற்றொன்றால் பயன் இல்லை.

நன்மையைச் சொன்ன வாயால் குறையையும் சொல்லியாக வேண்டும். நீரில் மின்சாரம் பாய்ந்தால் நீரே பிரியத் தொடங்கும். எதிர்மின் முனையில் ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு எழும். அவ்விடத்து நீர் காரத் தன்மை அடையும். நேர்மின் முனையில் ஆக்சிஜன் எழும். அவ்விடத்து நீர் அமிலமாகும். ஏற்கும் நீர் காரமாகிவிட்டால் என்ன நேரும்? அங்கே வந்து சேர்ந்த மருந்து தன் மின்னேற்றத்தை இழக்கும். இழந்ததும் எண்ணெயினுள் திரும்பிவிடும். பாடுபட்டுக் கரையேற்றியதெல்லாம் வீணாகும். எனவே மின்னோட்டத்தை 50 மைக்ரோஆம்பியர் என்ற அளவுக்கு மேல் போகவிடாமல் அடக்கி வைத்தல் நல்லது என்பது இத்துறையில் கண்ட பாடம். அவ்வளவு மின்னோட்டத்துக்கு 300 வோல்ட்டில் செலவாகும் சக்தி ஒரு வாட்டில் நூறில் ஒன்றரைப் பங்கே ஆகும். எண்ணெயின் தேர்வு தவறினால் அது நீரில் சிறிது சிறிதாகக் கசிந்துவிடுவதும், வேலி வலுவிழப்பதும் உண்டு.

மருந்துகளோடு இம்முறை நின்றுவிடவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் டொலுயீனைச் சவ்வாகக் கொண்டு, இரத்த நீர், சிறுநீர், கருவைச் சூழ்ந்த பனிக்குட நீர், உதட்டுச் சாயம் ஆகியவற்றிலிருந்து ஈய அயனிகளை இவ்வாறு பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நம் நாட்டிலும் சவ்வு ஆராய்ச்சி புதிய துறை அன்று. குஜராத்தின் பாவ்நகரில் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம், மின்விசையால் உவர் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் திண்மச் சவ்வுகளை உருவாக்கியிருக்கிறது. மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், நுண்குழாய்களில் தாங்கப்பெற்ற திரவச் சவ்வுகளைக் கொண்டு அணுக்கழிவில் உள்ள உலோகங்களைப் பிரிக்கும் ஆராய்ச்சி நடைபெற்றிருக்கிறது. ஆகவே இத்துறைக்கு வேண்டிய அறிவும் பயிற்சியும் நம் நாட்டில் இல்லாதவை அல்ல.

இனி, தீவுகளில் வாழும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். கார் நிக்கோபாருக்கும், 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்துக்கும் நடுவே பத்துப் பாகைக் கால்வாய் கிடக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்துக்கும் சென்னைக்கும் நடுவே ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. 1983ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வட்டார நிலையம் இருந்து, தீவுகளின் நோய்களை ஆராய்ந்து வருகிறது. ஆயினும் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் எடுத்த இரத்தம், சோதனைச்சாலையை அடையும் வரை குளிரில் காக்கப்பட வேண்டும். கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருக்க வேண்டும். மழைக்காலத்துக் கடல் கொந்தளித்தால் மேலும் காத்திருக்க வேண்டும். வழியில் இரத்தம் கெட்டால் விடையும் கெடும்.

2010ஆம் ஆண்டில் ஓஸ்லோ ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி சென்றார்கள். பொம்மைகளிலும் சிறு வானொலிப் பெட்டிகளிலும் இடும் 9 வோல்ட் மின்கலம் ஒன்றையே மின்னாற்றலுக்குக் கொண்டு, மனித இரத்த நீரிலிருந்து ஒரே நிமிடத்தில் சில மருந்துகளைப் பிரித்தெடுத்தார்கள். முழு அளவும் வரவில்லை. ஒரு பகுதியே வந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் ஒரே விகிதத்தில் வருமானால், அளப்பதற்கு அதுவே போதும். மின்கம்பி எட்டாத இடத்திலும், டீசல் இயந்திரம் நின்றுவிட்ட இரவிலும், சுகாதார ஊழியர் ஒருவர் இரத்தத்திலிருந்து மருந்தை உடனுக்குடன் பிரித்துத் தூய துளியாக்கி அனுப்பக்கூடும் என்னும் வாய்ப்பை அச்சோதனை காட்டுகிறது.

இதனை மிகைப்படுத்திச் சொல்லுதல் தகாது. பிரித்த துளியில் மருந்து எவ்வளவு என்று அளக்கும் விலையுயர்ந்த கருவி சோதனைச்சாலையில்தான் இருக்கும். இம்முறையும் பெரும்பாலும் ஆய்வாளர் கையில் உள்ள கருவியே அன்றி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேசைக்கு வந்துவிட்ட கருவி அன்று. அது அங்கே வருவதற்கு, இத்தீவுகளின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அந்த எண்ணெய் வேலி நிலைத்து நிற்கிறதா என்று இங்கேயே சோதித்துப் பார்ப்பவர் வேண்டும். இரு மின்னேற்றமுள்ள குளோரோகுயினுக்கு ஏற்ற எண்ணெயும் துணைப்பொருளும் எவை என்று பொறுமையோடு தேர்ந்தெடுப்பவர் வேண்டும். நம் தீவுக் கல்லூரிகளில் இரசாயனம் பயிலும் மாணவ மாணவியர் இவ்வேலைக்கு உரியவர்கள் அல்லரோ? 200 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள ஓர் எண்ணெய்ப் படலத்தை ஒரு மூலக்கூறு கடக்கும் வகையை அவர்கள் செவ்வனே கற்றுத் தேர்ந்தால், மருந்து உட்கொண்டும் காய்ச்சல் தீராத ஒரு நிக்கோபார்க் குழந்தைக்கு மருந்தை மீண்டும் கொடுப்பதா, மாற்றுவதா என்னும் கேள்விக்கு விடை, இத்தனை நாள் கடலைக் கடந்து வரக் காத்திருக்க வேண்டியதில்லை.